அக்காவின் மடிக்கணினிக்குப் பதினான்கு பக்கங்கள்

"ஜனவரி 19, ஞாயிறு, காலை 10.40. பத்து பாகாட் ஊரிலிருந்து அக்கா அழைத்தாள். மடிக்கணினி வேண்டுமாம். தேர்வு மார்ச் 15. மேகமூட்டம், மழை இல்லை."

என் 2025ஆம் ஆண்டுக் குறிப்பேட்டில் இந்த விஷயத்தைப் பற்றிய முதல் பதிவு இதுதான். ஜோகூர் மாநிலத்துத் தம்போயில் ஒரு சரக்குக் கிடங்கில் ஆவணப் பிரிவில் இருக்கிறேன். பெட்டியில் உள்ளதும் தாளில் உள்ளதும் ஒன்றா என்று பார்ப்பது என் வேலை. வேலை முடிந்தும் அந்தப் பழக்கம் என்னை விடுவதில்லை. எந்த நாளில் மழை தொடங்கியது, பேருந்து எத்தனை நிமிடம் தாமதம் என்றெல்லாம் எழுதி வைப்பேன். எங்கே போனாலும் பையில் விரல் நீளத்தில் ஒரு வெப்பமானி இருக்கும். அந்தந்த இடத்தின் சூட்டையும் குறித்துக்கொள்வேன். எதற்கு என்று மனைவி கேட்பதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகின்றன.

அக்காவின் கதை சுருக்கமானது. பத்து பாகாட்டில் ஒரு தையல் ஆலையில் இருபத்தாறு ஆண்டுகள் தரம் பார்ப்பவளாக இருந்தாள். சட்டைக் காலரின் இரண்டு முனையும் ஒரே அளவா, பொத்தான் துளையில் நூல் பிரிந்திருக்கிறதா என்று நின்றுகொண்டே பார்க்கும் வேலை. முந்தைய ஆண்டின் கடைசியில் அந்தப் பிரிவை மூடிவிட்டார்கள். அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. வேறு மூன்று ஆலைகளில் கேட்டாள். மூன்றிலும் முதலில் பார்த்தது பிறந்த ஆண்டைத்தான்.

ஆனால் அவளுக்கு ஆலைக்கு வெளியே ஒரு திறமை இருந்தது. கோயில் திருவிழா அறிக்கை, நன்கொடையாளர் பெயர்ப் பட்டியல், இரங்கல் செய்தி என்று எல்லாவற்றையும் பல ஆண்டுகளாக அவள்தான் தமிழில் தட்டச்சு செய்து கொடுத்தாள். விரலைப் பார்க்காமல், பேசிக்கொண்டே அடிப்பாள். சிங்கப்பூரில் ஒரு நிறுவனம் தமிழ் நிகழ்ச்சிகளுக்கு அடியில் எழுத்து வரி போடுவதற்கு வீட்டிலிருந்தே வேலை செய்யும் ஆட்களைத் தேடியது. எழுத்துத் தேர்வில் அக்கா தேறிவிட்டாள். மிச்சம் கடைசிச் சுற்று. தொண்ணூறு நிமிடம் ஒரு நிகழ்ச்சி ஓடும், ஓட ஓட, பேசுவதை அடிக்க வேண்டும், கேமரா திறந்திருக்கும். சொந்தக் கணினியில், வேலை செய்யப்போகும் அதே அறையில் உட்கார்ந்து எழுத வேண்டும் என்பது நிபந்தனை. மகள் விட்டுவிட்டுப் போன பழைய கணினி அக்காவிடம் இருந்தது. அது திறப்பதற்குள் சோறு வெந்துவிடும்.

"தம்பி, இது போச்சுன்னா வேற கிடையாது," என்றாள் அன்றைக்குத் தொலைபேசியில். "என் வயசுக்கு வீட்டுல உக்காந்து பாக்கிற வேலை இது ஒண்ணுதான். நல்லதா ஒண்ணு பாத்து வாங்கிக் கொடு. நீதான் எல்லாத்தையும் அலசுவியே."

எங்கள் குடும்பத்தில் எல்லாச் சாமான்களுக்கும் இப்படித்தான். யார் அதிகம் எழுதுகிறாரோ அவரிடம் பொறுப்பு போய்ச் சேரும். சித்தப்பா வீட்டுத் துணி துவைக்கும் இயந்திரம் முதல் ரெங்கம் ஊரில் இருக்கும் தாய்மாமன் மகனின் தண்ணீர் வடிகட்டி வரை நான்தான் தேர்ந்தெடுத்தேன். எதுவும் இதுவரை கெட்டுப்போகவில்லை. அந்தக் கர்வம் எனக்கு இருந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும்.

நிறுவனத்தின் மின்னஞ்சல் கேட்டவை சிலதான்: பதினான்கு அங்குலத்துக்குக் குறையாத திரை, பதினாறு ஜிபி ராம், கேமரா, சத்தமில்லாத அறை. இரண்டாயிரத்து ஐந்நூறு வெள்ளி விலைக்குள் இதற்குப் பொருந்துவதாக முதல் இரண்டு நாளில் பதினொரு கணினிகளைக் கண்டேன். நான்காம் நாள் அது ஏழாகக் குறைந்தது. அந்த வாரக் கடைசியில் ஒன்பதாக ஏறியது, ஏனென்றால் சிங்கப்பூர்க் கடைகளின் பட்டியலையும் பார்க்கத் தொடங்கியிருந்தேன். அதிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று.

இந்த நடுத்தர அளவு, நடுத்தர விலைக் கணினிகளில் ஒரு தொல்லை உண்டு. வெளியே எல்லாம் ஒரே மாதிரி. பிராசசரின் பெயர் ஒன்றாக இருக்கும். ஆனால் ஒருவர் அதற்குப் பதினைந்து வாட் கொடுத்து மெதுவாக ஓட்டுவார், இன்னொருவர் இருபத்தெட்டு கொடுத்து விரட்டுவார். இது விளம்பரத் தாளில் இருக்காது. பதினாறு ஜிபி என்று போட்டிருக்கும். இரண்டு எட்டாகப் போட்டிருந்தால் வேகம், ஒரே பதினாறாகப் போட்டிருந்தால் படம் ஓடும்போது கொஞ்சம் திணறும். அதுவும் தாளில் இருக்காது. சிங்கப்பூரில் ஒருவர் சோதித்துப் பாராட்டிய கணினியும் ஜோகூரில் அதே பெயரில் விற்கும் கணினியும் உள்ளே ஒன்றல்ல என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு ஆறு நாள் பிடித்தது. கண்டுபிடித்த அன்று பெரிய வெற்றி போல இருந்தது. அன்று மாலையே இரண்டு பக்கம் கிழித்துப் போட்டு மறுபடி கோடு போட்டேன்.

பிப்ரவரி தொடக்கத்தில் மூன்று கணினிகள் மிஞ்சின. பெயர் எழுதாமல் நிறத்தால் குறித்தேன்: கறுப்பு, நீலம், சாம்பல். கறுப்பும் நீலமும் பிளாஸ்டிக் உடல். சாம்பல் உலோகம். திரையின் வெளிச்சம், விசையின் ஆழம், எடை, பேட்டரி, விசிறியின் சத்தம் என்று பதினேழு வரிசை வைத்தேன், வரிசைக்குப் பத்து மதிப்பெண்.

தாளை மட்டும் நம்ப எனக்கு மனம் வரவில்லை. நகரத்தில் மூன்று மாடிக்குக் கணினிக் கடைகள் இருக்கும் ஒரு பேரங்காடிக்குப் போகத் தொடங்கினேன். இந்த ஆண்டு ஜனவரியிலிருந்துதான் எங்கள் மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளி, சனியிலிருந்து சனி, ஞாயிறுக்கு மாறியது. ஞாயிற்றுக்கிழமை கடை காலியாக இருக்கும் என்ற என் பத்தாண்டுக் கணக்கு அத்தோடு பாழாயிற்று. கூட்டத்தில் இடித்துக்கொண்டு நின்று சோதித்தேன். என் சோதனை இதுதான்: ஒரு பக்கம் இருபது நிமிட ஒளிக்காட்சி, இன்னொரு பக்கம் தமிழில் தட்டச்சு, நடுவில் என் கைப்பேசிக்கே கேமரா அழைப்பு. மூன்றும் ஒரே நேரத்தில். விசையைத் தட்டியதற்கும் எழுத்து தோன்றுவதற்கும் இடையில் தாமதம் உண்டா என்று பார்ப்பேன்.

அங்கே ஒரு கடையில் நாற்பது வயதைத் தாண்டிய தமிழ்ப் பெண் ஒருவர் விற்பனையில் இருந்தார். முதல் நாள் என்னைச் "சார்" என்றார். மூன்றாம் நாள் "அண்ணே" ஆனேன்.

"அலமாக், மறுபடியும் வந்துட்டீங்களா? அண்ணே, இந்த லேப்டாப்பை நீங்க கட்டிக்கப் போறீங்களா, வாங்கப் போறீங்களா?"

"இன்னும் ஒரு இருபது நிமிஷம்தான்மா."

"போன வாரமும் அதான் சொன்னீங்க. யாருக்குண்ணே இது?"

அக்காவுக்கு என்று சொல்லித் தேர்வைப் பற்றியும் சொன்னேன். அவர் கையிலிருந்த துணியால் திரையைத் துடைத்தபடி கேட்டார்:

"அக்கா வீட்டுல ஏர்கான் இருக்கா? மேசையா, கட்டிலா? பிளக் பாயிண்ட் பக்கத்துல இருக்கா?"

குளிர்விக்கும் தட்டு, நீட்டிப்புக் கம்பி என்று எதையாவது கூடவே விற்கத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். "அதெல்லாம் ஸ்பெக்ல வராதும்மா," என்றேன்.

"வராதுதான் லா," என்று சிரித்தார். "எனக்குக் கேட்டா கறுப்பு போதும். பிளாஸ்டிக்தான், ஆனா வீட்டு யூஸுக்கு ஒண்ணும் ஆவாது."

அன்று குறிப்பேட்டில் கறுப்புக்கு நேரே "உடல்: மலிவு" என்று எழுதினேன். சாம்பலுக்கு நேரே "உடல்: உலோகம், உறுதி, +2". என் கையெழுத்துதான், தேதி பிப்ரவரி 9.

வீட்டில் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சாப்பிடும்போது கைப்பேசியில் இன்னொரு சோதனைக் காணொளி. கிடங்கில் தேநீர் இடைவேளையில் இன்னொன்று. பேருந்து நிறுத்தத்தில் நின்று ஒப்பிட்டு, ஏற வேண்டிய பேருந்தை இரண்டு முறை விட்டேன். இரண்டையும் குறித்திருக்கிறேன். ஒரு கணினியை ஒதுக்கிய மறுகணமே அதில் ஏதோ நல்லது இருந்ததே என்று தோன்றும். தைப்பூசத்தன்று கோயில் வரிசையில் நிற்கும்போது நீலத்தின் திரையைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் இருந்தவர் தோளைத் தட்டி நகரச் சொன்னார். மனைவி நாட்காட்டியில் மார்ச் 15ஐச் சிவப்பில் வட்டமிட்டாள்.

மறுநாள், பிப்ரவரி 12, அக்கா அழைத்தாள்.

"டேய், டெஸ்ட் எனக்கா, கம்ப்யூட்டருக்கா?"

"இன்னும் ரெண்டுல ஒண்ணு முடிவு பண்ணணும்க்கா."

"நான் பழசுலயே பழகிக்கிட்டு இருக்கேன். நான் அடிச்சு முடிச்சு மோர் குடிச்சிட்டு வந்தா எழுத்து அப்பத்தான் வருது. சீக்கிரம் வாங்கு தம்பி. கை பழகணும்."

பின்னாலிருந்து மாமா, அக்காவின் கணவர், பள்ளிப் பேருந்து ஓட்டுபவர், உரக்கச் சொன்னது கேட்டது: "அவன்தான் எனக்குப் பஸ் பாத்து வாங்கணும்னு இருந்திருந்தா நான் இன்னும் நடந்துக்கிட்டுத்தான் இருப்பேன்!"

பிப்ரவரி 22, சனிக்கிழமை, சாம்பலை வாங்கினேன். நூற்று எழுபதுக்கு நூற்று நாற்பத்தொன்று பெற்றிருந்தது; நீலத்தைவிட மூன்று அதிகம். அந்தப் பெண் பெட்டியைக் கட்டிக்கொடுத்து, "அக்கா பாஸ் பண்ணா வந்து சொல்லுங்கண்ணே," என்றார்.

மறுநாள் இரண்டு மணி நேரம் காரோட்டிப் பத்து பாகாட் போனேன். அக்கா வீட்டு முன்னறையில், சாமிப் படங்கள் இருக்கும் சுவருக்கு எதிரே, ஜன்னலோரம் மேசையைப் போட்டு வைத்திருந்தாள். எல்லாவற்றையும் அமைத்துக் கொடுத்து, என் சோதனையை அங்கேயும் ஒருமுறை செய்தேன். நான் எங்கே உட்கார்ந்தாலும் நாற்காலியில் காலை மடக்கிச் சம்மணம் போட்டுத்தான் உட்காருவேன், அலுவலகத்திலும் அப்படித்தான். காலை பதினொரு மணி, மின்கம்பி செருகியிருந்தது, கணினி பட்டுப் போல ஓடியது. கம்பியைக் கழற்றி மூடிய பிறகு அக்கா உலோக மூடியை விரலால் தடவினாள், ஆலையில் துணியைத் தடவுவது போல.

"அழகா இருக்குடா," என்றாள். "ஃபினிஷிங் நல்லா இருக்கு." அவளிடமிருந்து வரக்கூடிய பெரிய பாராட்டு அது.

அதற்குப் பிறகு மூன்று வாரம். நான் ஒரு நாள் விட்டு ஒரு நாள் கேட்டேன்.

"எப்படிக்கா ஓடுது?"

"ஓகே லா."

"சூடாவுதா?"

"ஓகேன்னு சொல்றேன்ல."

குறிப்பேட்டில் "அக்கா: ஓகே" என்று ஒன்பது முறை இருக்கிறது. அவள் குரல் கட்டையாக இருந்தது என்று எங்கும் எழுதவில்லை. குரலுக்கு வரிசை இல்லை. ஆனால் எனக்குள் ஏதோ நமைத்தது. வாங்கி முடித்த பிறகும் ஒப்பிடுவதை நிறுத்தவில்லை. புதிதாக வந்தது ஒன்று, விலை குறைந்தது ஒன்று என்று பார்த்துப் பார்த்து, வாங்கியதே சரி என்று எனக்கே நிரூபித்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 15, சனிக்கிழமை. தேர்வு பிற்பகல் மூன்று மணிக்கு. நான்கரைக்கு அழைத்தேன், எடுக்கவில்லை. ஐந்துக்கு, ஐந்தே காலுக்கு, ஆறுக்கு. ரமலான் நோன்பு மாதம். கீழே சந்தையில் பலகாரக் கடைகளுக்கு முன்னால் கூட்டம். நான் வீட்டுக்கும் அந்தச் சந்தைக்கும் மூன்று முறை நடந்தேன், எதுவும் வாங்கவில்லை. ஆறே முக்காலுக்கு ஒரு செய்தி வந்தது. "முடிஞ்சது." அவ்வளவுதான்.

மறுநாள் காலை கிளம்பிப் போனேன். கதவைத் திறந்த அக்காவின் முகத்தைப் பார்த்தேன். கேட்க வேண்டியிருக்கவில்லை. கணினி மேசையில் மூடியிருந்தது. அதன் மின்கம்பியும் அடாப்டர் கட்டையும் சுருட்டி, துணிநாடாவால் கட்டி, ஜன்னல் பக்கத்து ஆணியில் தொங்கின. அவள் நாடா கட்டிய விதத்தைப் பார்த்தால் நேற்றுக் கட்டியது போல இல்லை.

"ஏன்க்கா வயரைக் கழட்டி மாட்டியிருக்கே?"

"அது... சும்மாதான்."

"நேத்து டெஸ்ட் எழுதும்போது?"

மாமா காப்பியை மேசையில் வைத்துவிட்டு, "சொல்லிடு, இல்லன்னா அவன் ஒரு நோட்டுப் புத்தகம் முழுக்கக் கேள்வி கேப்பான்," என்றார்.

"ஷாக் அடிக்குதுடா," என்றாள் அக்கா. "பெருசா இல்ல. வயர் போட்டிருந்தா, கையை வைக்கிற இடத்துல சுர்ருனு இருக்கு. எறும்பு ஊர்ற மாதிரி. அடிக்க அடிக்கக் கவனம் போவுது. அதனால சார்ஜ் ஏத்திட்டு, கழட்டிட்டு அடிப்பேன்."

"எப்பலருந்து?"

"நீ கொண்டாந்து வச்ச மறுநாள்லருந்து."

பேட்டரியில் ஓடும்போது இந்த வகைக் கணினிகள் தங்கள் வேகத்தைத் தாங்களே குறைத்துக்கொள்ளும். கடையில் நான் சோதித்தபோதெல்லாம் மின்கம்பி செருகியே இருந்தது. காட்சிக்கு வைத்ததைக் கழற்ற விடமாட்டார்கள். இது எனக்குத் தெரியும். எட்டாம் பக்கத்தில் அடிக்குறிப்பாக எழுதியும் இருக்கிறேன்: "பேட்டரியில் வேகம்: சோதிக்க இயலவில்லை."

"நேத்து நாப்பது நிமிஷம் நல்லாத்தான் ஓடுச்சு," என்றாள். "அப்புறம் சூடு. அடிச்ச எழுத்து நின்னு நின்னு வருது. பேசுறவங்க போயிட்டாங்க, நான் பின்னாடியே ஓடுறேன். பதினோரு வரி விட்டுட்டேன் தம்பி. எண்ணினேன்."

"ஏன்க்கா என்கிட்ட சொல்லல?"

"நீ பதினாலு பக்கம் எழுதின. மூணு ஞாயித்துக்கிழமை கடையில நின்ன. அதுல போய் எனக்குச் சுர்ருங்குதுன்னு சொல்லவா?" பிறகு கொஞ்சம் கோபமாக: "ஆலையில ஒரு சட்டைய ரிஜெக்ட் பண்ணா தைச்சவ மூஞ்சி எப்படிப் போவும்னு எனக்குத் தெரியும்டா. இருபத்தாறு வருஷம் பாத்தேன்."

நான் கணினியைத் திறந்து, கம்பியைச் செருகி, அவள் நாற்காலியில் உட்கார்ந்தேன். வழக்கம்போல காலை மடக்கி. கையை வைத்தேன். ஒன்றுமில்லை.

"இல்லையேக்கா."

"காலைக் கீழ வை," என்றாள்.

வெறுங்காலைச் சிமெண்டுத் தரையில் வைத்தேன். மணிக்கட்டுக்கு அடியில் உலோகம் முணுமுணுத்தது. வலி இல்லை. ஆனால் அதை மறந்து ஒரு வரிகூட அடிக்க முடியாது. நான் உடனே கம்பியைப் பிடுங்கினேன்.

கடையில் எல்லோரும் காலணியோடு, விரிப்பின் மேல் நின்றிருந்தோம். வீட்டில் நான் சம்மணம் போட்டிருந்தேன். பிளாஸ்டிக் உடலாக இருந்திருந்தால் இது கைக்குத் தெரிந்தே இருக்காது. நான் இரண்டு மதிப்பெண் அதிகம் கொடுத்த உலோகம் அது. மூன்று மதிப்பெண்ணில்தான் நீலம் தோற்றது.

அன்று தம்போய் திரும்பியதும் பழைய குறிப்பேடுகளை எடுத்தேன். இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய மார்ச்சில், ஒரு பிறந்தநாள் விருந்துக்குப் போனபோது எழுதியது: "அக்கா வீட்டு முன்னறை, பிற்பகல் 3.20, 34 டிகிரி. துத்தநாகத் தகரக் கூரை. விசிறி போதவில்லை." அடுத்த ஆண்டும் இருந்தது: 33. கடைகளில் இருபத்திரண்டு டிகிரியில் ஓடிய கணினிகளைப் பதினேழு வரிசையில் ஒப்பிட்டவன் நான். அந்த அறையின் சூடு என் அலமாரியிலேயே, என் எழுத்திலேயே இருந்தது. வரிசைகளில் அதற்கு இடம் கொடுக்க எனக்குத் தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை, மார்ச் 18, அக்காவுக்கு அந்த நிறுவனத்திலிருந்து இரண்டே வரியில் மின்னஞ்சல் வந்தது. மார்ச் 22 சனிக்கிழமை அதே நேரத்தில் இன்னொரு சுற்று எழுத வேண்டும். காரணம் எதுவும் சொல்லவில்லை. அக்கா அதை எனக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டியபோது அவள் குரலில் நடுக்கம் இருந்தது. குரலுக்கு என்று ஒரு வரிசை இல்லாவிட்டாலும் இந்த முறை எழுதினேன்.

நான்கு நாள் இருந்தது. மின்பணியாளரை அழைத்தோம், நோன்புப் பெருநாளுக்கு முன் வேலை குவிந்திருக்கிறது, பெருநாள் கழித்துத்தான் வர முடியும் என்றார். முதலில் நான் சொன்னது எளிய வழி.

"ரப்பர் சிலிப்பர் போட்டுக்கோ அக்கா. தரையோட தொடர்பு இருக்காது."

"சாமி ரூம்ல சிலிப்பரா? உனக்கு என்ன பைத்தியமா?"

"அது ரூம் இல்லக்கா, ஹால்."

"சாமி இருக்குல்ல?"

மாமா தம் பங்குக்கு, "எங்க கல்யாணத்து மணைப் பலகை பரண்ல கிடக்கு. அதுல காலை வை. அன்னைக்கு உக்காந்ததுதான், அப்புறம் அதுக்கு வேலையே இல்ல," என்றார். அக்கா அதற்குச் சொன்ன பதிலை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

புதன்கிழமை வேலை முடிந்து அந்தக் கடைக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். அந்தப் பெண் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். பிறகு, "மூணு கேள்வி கேட்டேனேண்ணே," என்றார். "பிளக் எங்கன்னு கேட்டேன். நீங்க என்னமோ நான் வயர் விக்க வந்தவ மாதிரி பாத்தீங்க." அலமாரிக்கு அடியில் குனிந்து ஒரு சாதாரண பிளாஸ்டிக் விசைப்பலகையும் மௌஸும் எடுத்து வைத்தார். "லேப்டாப்பைத் தள்ளி வைங்க. கையே படாம இதுல அடிக்கட்டும். ஃபேனை நேரா அது மேல திருப்பி விடுங்க. வயர்மேன் வந்து பாக்கற வரைக்கும் அதைத் தொட வேணாம்னு சொல்லுங்க."

எத்தனை மதிப்பெண் என்று யோசிக்காமல் வாங்கிய பொருள் அது ஒன்றுதான்.

மார்ச் 22. நான் காலையிலேயே பத்து பாகாட் போய்விட்டேன். கணினியை மேசையின் பின்விளிம்புக்குத் தள்ளி, கம்பியைச் செருகி, விசிறியைத் திருப்பி, விசைப்பலகையை முன்னால் வைத்தோம். பிற்பகல் 2.50, அறையின் சூடு 33. மூன்று மணிக்கு அக்கா என்னையும் மாமாவையும் வெளியே அனுப்பினாள். கேமராவில் யாரும் விழக்கூடாது.

மாமா பேருந்துக்குள் போய் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். என்னால் முடியவில்லை. தெருமுனை வரை நடந்தேன். திரும்பினேன். ஜன்னல் வழியாக விசை தட்டும் சத்தம் கேட்டது. மழை தகரத்தில் விழுவது போல ஒரே சீராக. மறுபடி தெருமுனை வரை நடந்தேன். 3.40க்கு, அதாவது போன முறை தடுமாறத் தொடங்கிய நாற்பதாவது நிமிடத்தில், வேலிக்கு வெளியே நின்று காதைக் கொடுத்தேன். சத்தம் நிற்கவில்லை. 3.52க்கு ஒருமுறை நின்றது. அரை நிமிடம் கூட இருக்காது. அது நிகழ்ச்சியில் பாட்டு வந்த இடம் என்று பிறகு சொன்னாள். அந்த அரை நிமிடத்தில் நான் வேலிக் கம்பியைப் பிடித்த அடையாளம் உள்ளங்கையில் மாலை வரை இருந்தது.

4.33க்குக் கதவு திறந்தது. அக்கா நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"எழுத்து என்கூடவே ஓடியாந்துச்சுடா," என்றாள். "ஒரு வரியும் விடல."

ஏப்ரல் 4, வெள்ளிக்கிழமை, பெருநாள் விடுமுறை முடிந்த வாரம், பணி நியமனக் கடிதம் மின்னஞ்சலில் வந்தது. அக்கா எனக்கு அனுப்பிவைத்தாள். கிடங்கில் தேநீர் இடைவேளையில் திறந்தேன். நல்ல தாள், நல்ல எழுத்து, கீழே கையொப்பம். இரண்டாம் முறை படிக்கும்போதுதான் மேல் மூலையில் இருந்த தேதியைப் பார்த்தேன். மார்ச் 17, திங்கள்.

தேநீர் ஆறும் வரை அதையே பார்த்தேன். முதல் தேர்வு முடிந்த இரண்டாம் நாள். இன்னொரு சுற்று எழுதச் சொன்ன மின்னஞ்சலுக்கு முந்தைய நாள். பதினொரு வரி விட்ட தேர்விலேயே அவளை எடுத்துக்கொண்டுவிட்டார்களா? அப்படியானால் இரண்டாம் சுற்று எல்லாருக்கும் உண்டான வழக்கமா? அல்லது முன்கூட்டியே ஒரு மாதிரிக் கடிதத்தைத் தயாரித்து, தேதியை மாற்ற மறந்தார்களா?

அன்று மாலை அக்காவை அழைத்தேன். "ஒரு மெயில் போட்டுக் கேக்கலாமாக்கா? எந்த டெஸ்ட்ல எடுத்தாங்கன்னு?"

"கேட்டு?"

"தெரிஞ்சுக்கலாம்ல."

"டேய், திங்கக்கிழமை வேலை ஆரம்பிக்குது. புது ஆளு, முதல் நாளே தேதி தப்புன்னு சொல்லிக்கிட்டு நிக்கவா? பேசாம இரு." பின்னால் விசைகளின் சத்தம் கேட்டது. என்னிடம் பேசிக்கொண்டே எதையோ அடித்துக்கொண்டிருந்தாள். பிளாஸ்டிக்கின் சத்தம். "வயர்மேன் வந்துட்டுப் போனாரு. அந்தப் பிளக்ல எர்த் வயரே மாட்டலையாம். மாட்டிட்டாரு. இப்பச் சுர்ருங்கல. ஆனா எனக்கு இந்த கீபோர்டே பழகிருச்சு."

நான் மின்னஞ்சல் அனுப்பவில்லை. என் குறிப்பேட்டில் இந்த விஷயத்தைப் பற்றிய கடைசிப் பதிவு ஏப்ரல் 4ஆம் தேதியுடையது: "அக்காவுக்கு வேலை கிடைத்தது. கடிதத்தின் தேதி மார்ச் 17. அவள் தேறியது முதல் தேர்விலா, இரண்டாவதிலா என்பது உறுதி செய்யப்படவில்லை."